‘பாதுகாப்புச் சான்றிதழ்’: சொல் சரியா?



எஸ்எஸ்எல் சான்றிதழைத் தமிழில் ‘பாதுகாப்புச் சான்றிதழ்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். என் பார்வையில் இந்தச் சொல் பாதிதான் சரி. தகவல் போகும் வழியில் அதை யாரும் படிக்காமல் அது காக்கிறது, உண்மைதான். ஆனா, அந்தத் தளம் நல்லதா கெட்டதா என்று அது சொல்வதே இல்லை. மோசடித் தளமும் அதை வாங்கிடலாம். பூட்டுச் சின்னத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டதால்தான் குரோம் உலாவி 2023இல் அதை மாற்றியது. பெரும்பாலான சான்றிதழ்கள் உறுதி சொல்வது முகவரியின் பெயருக்கு மட்டுமே. ‘பெயர்ச் சான்றிதழ்’ என்பதே பொருத்தம்.

இது புரிந்தால் எந்த வகையை வாங்குவது என்பதும் புரியும். ஒரே முகவரி என்றால் ஒற்றைப் பெயர்ச் சான்றிதழ் போதும். ஒரு பெயருக்குக் கீழே பல கிளைகள் என்றால் வைல்டுகார்டு. தேக்கா நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் எல்லாவற்றுக்கும் ஒரே அனுமதி மாதிரி. ஆனால் ஒரு படி மட்டுமே இறங்கும்: ‘பாடம்’ என்ற கிளை சேரும், அதற்குக் கீழே ‘உயர்நிலை’ என்று இன்னொரு கிளை வைத்தால் அது சேராது. கட்டடமே வேறு என்றால் பல்பெயர்ச் சான்றிதழ், அதாவது மல்டி டொமைன் வேண்டும்.

நமக்கு இங்கேதான் சிக்கல். 2011 முதல் ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் முகவரி நமக்கு உண்டு. ஓர் அமைப்பு ‘.எஸ்ஜி’ முகவரிக்கு வாங்கிய வைல்டுகார்டு, அதன் தமிழ் முகவரிக்குச் செல்லாது. நம் கண்ணுக்கு ஒரே அமைப்பு. உலாவிக்கு இரண்டு தனிப் பெயர்கள். தமிழ்ப் பெயரைச் சேர்க்க மறந்தால், தமிழில் தட்டச்சு செய்த பெற்றோருக்கு வருவது எச்சரிக்கைப் பக்கம்தான். அடுத்த முறை அவர் ஆங்கில முகவரிக்கே போவார், இல்லையா? 1995இல் தமிழை இணையத்தில் ஏற்ற முன்னின்ற நா. கோவிந்தசாமி நம்மைப் போல ஓர் ஆசிரியர். அவர் திறந்த கதவை நாமே சாத்தலாமா?

ஆகவே, விலையைப் பார்க்கும் முன் எல்லா முகவரிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே பல பெயர்களையும் வைல்டுகார்டையும் ஒரே சான்றிதழில் தருகிறது. புதுப்பித்தலைத் தானியங்கியாக வையுங்கள். 2029 மார்ச் 15 முதல் வழங்கப்படும் சான்றிதழ்களுக்கு ஆயுள் 47 நாள்தான்.

மாணவர்களே, இணையப் பாதுகாப்பு பற்றிக் கட்டுரை எழுதும்போது, ‘பூட்டு இருந்தால் நம்பலாம்’ என்று எழுதாதீர்கள். ‘முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே நம்ப வேண்டும்’ என்று எழுதுங்கள்.