நகையும் அறத்தொடு நிலையும்: ‘ஜூனோ’ திரைப்படம் குறித்துச் சில எண்ணங்கள்

நகை பிறக்கும் களன்கள் நான்கு எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் கூறுவார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. எள்ளலுக்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தமிழ்ப் படத்தின் நகைச்சுவைப் பகுதி எதை எடுத்தாலும் கிடைத்துவிடும். இளமைக்கோ மழலைச் சொல்லைக் காட்டிவிட்டு மேற்செல்வதே வழக்கம். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் யானும் அவ்வாறே எழுதித் தேறினேன். அச்சொல்லுக்கு இன்னும் விரிந்த பொருளுண்டு என்பதை, ஐம்பது வயதைக் கடந்தபின், ஓர் ஆங்கிலப் படம் காட்டியது.

2007இல் வெளிவந்த ‘ஜூனோ’ அப்படம். நெறியாளர் ஜேசன் ரைட்மன். எழுதியவர் டையப்லோ கோடி. அவருக்கு இதுவே முதல் திரைக்கதை. 2008இல் ஆஸ்கர் பரிசும் பெற்றது. எங்கள் பள்ளியின் இளம் ஆசிரியை ஒருவர், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைத் திரையிடலாமா எனக் கேட்டதால்தான் பார்த்தேன். மாணவி கருவுறுவதை வைத்து நகைச்சுவையா என்று முதலில் முகஞ்சுளித்ததை மறைப்பானேன்?

கதை சிறிது. பதினாறு வயதுப் பெண் ஜூனோ. உடன் பயிலும் பிளீக்கரால் கருவுறுகிறாள். கருவைக் கலைக்கச் சென்று மனம் மாறித் திரும்புகிறாள். மகப்பேறற்ற தம்பதியர்க்குக் குழந்தையைத் தத்துக் கொடுக்கத் துணிகிறாள். கணவன் மனைவியைப் பிரிந்து செல்ல, தனித்து நின்ற அம்மனைவிக்கே பிள்ளையைத் தருகிறாள். இதில் நகைக்க என்ன உண்டு? அவள் நிலையைப் படம் எள்ளவேயில்லை. பெரியவர் தலையில் ஏற்ற வேண்டிய சுமையைச் சிறு பெண்ணொருத்தி தன் வாய்த் துடுக்கைக் கொண்டே சுமக்க முயல்கிறாள். வயிறு முன்னே செல்ல, மொழி விளையாட்டுப் பருவத்திலேயே நிற்கிறது. அம்முரணில் நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்தபின் நெஞ்சு கனக்கிறது. இதுவே இளமை பற்றிய நகை என்பேன்.

தமிழாசிரியர் தவறாது காண வேண்டிய காட்சி, அவள் பெற்றோரிடம் உண்மையை உரைப்பதாகும். அகத்திணையில் இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் என அச்செய்தி படிப்படியாய்ச் செல்லும். ஜூனோவும் முதலில் தோழி லியாவிடமே சொல்கிறாள். தந்தையிடமும் மாற்றாந்தாயிடமும் சொல்லும்போது அத்தோழி பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறாள். ஆயினும் சொல்பவள் தோழியல்லள், தலைவியே. பெற்றோர் அதிர்கின்றனர், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாளோ என்றல்லவா அவர்கள் எண்ணியிருந்தனர்! ஆனால் அடுத்த பேச்சு மருத்துவரைப் பற்றியது. கை ஓங்கப்படவில்லை. பிறிதோரிடத்தில், கருவை நுண்ணொலியால் படம்பிடிக்கும் பணிப்பெண் இளந்தாய்மாரை இழித்துப் பேச, மாற்றாந்தாய் சீறி எழுகிறாள். நம் செவிலித்தாய் நினைவுக்கு வந்தாள்.

குறைகள் இல்லாமலில்லை. பதினாறு வயதுப் பெண் இத்துணைச் செதுக்கிய வசனமா பேசுவாள்? கடைக்காரரும் அதே தொனியில் பேசும்போது எழுத்தாளரின் குரலே கேட்கிறது. அலர் என்பது ஏறக்குறைய இல்லவே இல்லை. பள்ளி நடையில் சிலர் உற்றுப் பார்ப்பதோடு சரி. எங்கள் பக்கத்துப் பழைய தோட்ட லயங்களில் ஒரு வீட்டில் இருமினால் ஆறாவது வீட்டில் கேட்கும்.

தமிழ்த் திரை இதை எவ்வாறு கையாண்டது? 2013இல் சுசீந்திரன் அளித்த ‘ஆதலால் காதல் செய்வீர்’ நேர்மையான முயற்சி. கல்லூரிக் காதலர் இருவர், ஒரு கரு, பேரம் பேசும் இரு குடும்பங்கள். முடிவில் காப்பகத்தில் தனித்து நிற்கும் குழந்தை. அக்குழந்தையின் முகம் எளிதில் மறவாது. ஆனால் அப்படத்தில் பெண்ணுக்கு வாய்த்ததெல்லாம் அழுகையே. மாறாக, 2022இல் வந்த ‘வீட்ல விசேஷம்’ கருவுற்றலை வைத்தே வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தது. அதில் தாயாகப் போகிறவர் வளர்ந்த பிள்ளைகளுடைய ஊர்வசி. கழுத்தில் தாலி உண்டு. தாலி இருந்தால் நகை, இல்லையேல் அழுகை என்று நம் திரையுலகம் எழுதா விதியொன்று வைத்திருக்கிறது போலும்.

அவ்விதி திரைக்கு மட்டுமா? பல ஆண்டுகளுக்கு முன், எம்மிடம் ஆறாம் ஆண்டு முடித்துச் சென்ற மாணவி ஒருத்தியின் தாய் மாலை வேளையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெண் அப்போது மூன்றாம் படிவம். தாய் பாதி சொன்னார். மீதியை நான் புரிந்துகொண்டேன். வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். அறிவுரை கேட்டு அவர் கைகூப்பிச் சென்றார். அப்பெண் பின்னர்ப் பள்ளிக்குத் திரும்பவில்லை. அவளிடம் ஒரு சொல்லேனும் நான் கேட்டிருக்கலாம். நன்றாகப் பேசுவாள், பேச்சுப் போட்டியில் பரிசு பெற்றவள்.

இங்குப் பெட்டாலிங் ஜெயாவில், கைவிடப்படும் சிசுக்களைக் காக்க ‘ஆர்ஃபன்கேர்’ அமைப்பு 2010இல் குழந்தைத் தொட்டில் ஒன்றைத் திறந்தது. தமிழகத்தில் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இலேயே தொட்டில் குழந்தைத் திட்டம் வந்துவிட்டது. காரணங்கள் வேறு, பிள்ளையை வைத்துவிட்டுப் போகிறவர் முகம் காட்ட வேண்டாம் என்பது இரண்டுக்கும் பொது. ஜூனோ முகத்தை மறைக்கவில்லை. படத்தில் எனக்கு வியப்பூட்டியது இதுதான்.

அவ்வாசிரியைக்கு ஒப்புதல் தந்துவிட்டேன். முழுப் படமும் அன்று. பெற்றோரிடம் சொல்லும் அந்த ஒரு காட்சி மட்டும். உரையாடலைத் தமிழாக்கித் தாளில் தருவதாக ஏற்றவனும் நானே. மற்றெல்லாம் முடிந்தது, ஒரு வரியில் நின்றுவிட்டேன். முழுகாமலிருக்கிறாள், உண்டாகியிருக்கிறாள், மாசமாயிருக்கிறாள் எனத் தமிழில் எத்தனையோ வழக்குண்டு. எல்லாம் மணமான பெண்ணைப் பற்றிப் பிறர் மகிழ்ந்து சொல்பவை. பதினைந்து வயதுப் பெண் தன் தந்தையின் முகத்தைப் பார்த்துத் தானே சொல்லத்தக்க சொல் எது? அகராதியில் தேடினேன், வீட்டில் மனைவியையும் கேட்டேன். அவ்வரி இன்னும் வெற்றிடமாகவே கிடக்கிறது.