பைல் கணக்கில் விடுபட்ட நேரம்

நான் சிவில் இல்லை, பிழைப்பு மென்பொருளில்தான். ஆனால் ஒரு நிரலில் காரணம் சொல்லாத எண் ஒன்று உட்கார்ந்திருந்தால் கண்ணை உறுத்தும். பைல் அடித்தளத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911-ஐ (2010) படித்தபோது அப்படி ஓர் எண் உறுத்தியது.

பைல் பாரத்தைத் தாங்குவது இரண்டு வழியில்: அடிமுனையில், பக்க உராய்வில். மணலில் அந்த உராய்வு, மண் பைலைப் பக்கவாட்டில் எவ்வளவு நெருக்குகிறது என்பதைப் பொறுத்தது. இந்த நெருக்கலுக்கு ஒரு குணகம் உண்டு. துளையிட்டு வார்க்கும் பைலுக்கு, உராய்வுக் கோணம் 30 முதல் 40 பாகை வரை உள்ள மணலில், அதை 1 முதல் 1.5 வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது தரநிலை.

யோசிச்சுப் பாருங்க. பைலை அடித்து இறக்கினால் மண் ஒதுங்கி இறுகும், நெருக்கல் கூடும். துளை போட்டால் மண்ணை வெளியே எடுக்கிறோம். சுற்றியுள்ள மண் தளரும். யாரும் தொடாத 30 பாகை மணலில், முன்பு பெரிய பாரம் ஏறி இறங்கியிராவிட்டால், இந்தக் குணகம் சுமார் 0.5 (யாக்கியின் சூத்திரம், 1944). துளை பைலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முழுசு வரைதான் என்பது குல்ஹாவி தந்த வரம்பு. அதாவது 0.33 முதல் 0.5. நம் தரநிலையின் கீழ் எல்லையே அந்த 0.5-ஐப்போல் இரண்டு மடங்கு!

களிமண்ணிலும் இதே கதை. லண்டன் களிமண்ணில் துளை பைல்களை ஆராய்ந்த ஸ்கெம்டன், களிமண்ணின் வலிமையில் சராசரியாக 0.45 பங்குதான் பக்கத்தில் கிடைக்கிறது என்று 1959-இல் எழுதினார். துளைச் சுவர் தண்ணீரை உறிஞ்சி இளகிவிடுகிறது. ஈரக் கான்கிரீட்டும் தன் பங்குக்குத் தண்ணீர் கொடுக்கிறது. துளை திறந்து கிடக்கக் கிடக்க நஷ்டம்தான். மணலில் பென்டோனைட் கரைசல் வெகுநேரம் நின்றால் சுவரில் ஏடு தடித்துக்கொண்டே போகும்.

தரநிலைக்கு இது தெரியாமலில்லை. குணகம் கட்டுமான முறையைப் பொறுத்தது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. பென்டோனைட், துளை கழுவுதல் பற்றியும் பேசுகிறது. ஆனால் அந்தப் பக்கங்களிலிருந்து சூத்திரத்துக்கு ஓர் இழைகூட வரவில்லை. ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த துளைக்கும் இரண்டே மணி நேரத்தில் வார்த்த துளைக்கும் ஒரே எண்.

"பாதுகாப்புக் காரணி 2.5 இருக்கே, லோடு டெஸ்ட் இருக்கே" என்பீர்கள். உண்மைதான்; என்னைக் கேட்டால் டெஸ்ட்தான் இந்தத் தரநிலையின் உயிர். ஆனால் கட்டடத்தைச் சுமக்கப்போகும் பைல்களில் கட்டாயச் சோதனை குறைந்தபட்சம் 0.5 சதவீதத்துக்குத்தான். 200 பைலில் ஒன்று. மீதி 199-உம் அதே கவனத்தோடு போட்டவையா?

விடை பைல் பதிவேட்டில்தான் இருக்கும். வீடு வாங்கும்போது டைல்ஸ் என்ன பிராண்டு என்று கேட்கிறோமில்லையா? கூடவே இதையும் கேட்போம்: துளை முடிந்தது எத்தனை மணிக்கு, கான்கிரீட் போட்டது எத்தனை மணிக்கு?