படத்தில் இல்லாத கம்பி

தொலைபேசிக் கம்பி வழியே வரும் பிராட்பேண்ட் சேவை 2005 முதல் நம் நாட்டில் பரவலாயிற்று. அதனைப் பெற்றோரிடம் ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டியும், அதைப் பொருத்தும் முறையைக் காட்டும் ஒரு படமும் இருக்கும். படத்தில் ஒரு தொலைபேசி, ஒரு மோடம், நடுவே ஸ்பிளிட்டர். படத்தில் பிழையில்லை, ஆனால் அது நம் வீடுகளின் படமன்று. அதுவே என் குறை.

நம் வீடுகளில் வாசலருகே உள்ள ரோசெட் பெட்டியிலிருந்து மாடிக்கும் பின்கட்டுக்கும் கிளைக் கம்பிகள் செல்வதுண்டு. 2020-இல் சிவகிரியில் ஒரு மாணவர் வீட்டில், தொலைபேசியை எடுத்தபோதெல்லாம் இணையவழி வகுப்பு அறுந்தது. படத்தில் கண்டபடியே மோடத்தின் அருகில் ஸ்பிளிட்டர் இருந்தது. மாடித் தொலைபேசியோ ஸ்பிளிட்டருக்கு முன்பே பிரிந்த கம்பியில் இருந்தது. வீட்டார் வெளிக் கம்பியைக் குறை கூறினர்.

காரணத்தைக் காண்போம். தொலைபேசியில் பேச்சு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை செல்கிறது. மோடத்தின் குறிகைகள் ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லக்கூடும். ஸ்பிளிட்டரிலுள்ள கம்பிச்சுருளும் மின்தேக்கியும் இந்த உயர் அதிர்வெண்கள் தொலைபேசிக்குள் செல்லாமல் தடுக்கின்றன. அத்தடுப்பு இல்லாத தொலைபேசியை எடுத்தால் மோடத்தின் குறிகை சிதைகிறது.

தொலைபேசி பொருத்தாத கிளைக் கம்பியும் தீங்கற்றதன்று. அதன் நுனியில் அலை எதிரொலித்துத் திரும்புகிறது. கம்பியில் அலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர். கிளையின் நீளம் 40 மீட்டர் எனில், அதன் நான்கு மடங்கான 160 மீட்டர் அலைநீளத்துக்கு, அதாவது 1.25 மெகாஹெர்ட்ஸுக்கு, திரும்பும் அலை எதிர்க்கட்டத்தில் வந்து குறிகையை நலிவிக்கிறது. கல்லூரியில் நாம் கற்பிக்கும் அலைப்பாடம் வீட்டுச் சுவரிலேயே நிகழ்கிறது!

படத்தில் இரண்டு வரிகள் சேர்த்திருந்தால் போதும்: ‘ஸ்பிளிட்டரை முதல் பெட்டியிலேயே பொருத்துக, எல்லாத் தொலைபேசிகளையும் அதற்குப் பின்னரே இணைக்க.’ சோதனையும் எளிது. மற்றவற்றைக் கழற்றி, முதல் பெட்டியில் மோடத்தை மட்டும் இணைத்துப் பார்க்கவேண்டும். குறை நீங்கினால் பழுது வீட்டினுள்ளே என்று அறியலாம். அம்மாணவர் வீட்டிலும் இவ்வாறே பழுது தீர்ந்தது.

இன்று கண்ணாடியிழை இணைப்பு வந்த வீடுகளுக்கு ஸ்பிளிட்டர் தேவையில்லை; மோடத்திலேயே தொலைபேசியைப் பொருத்தலாம். ஆயினும் பழைய வீட்டுக் கம்பிகளை அதனுடன் இணைப்போர், வெளியிலிருந்து வரும் செப்புக் கம்பியை முதலில் துண்டிக்கவேண்டும். இதனையும் படத்தில் காட்டுவது நலம். கருவியை மட்டும் வரைந்து வீட்டை மறந்த படம் அரைப்பாடமே.