கைக்குள் ஒரு பொத்தான்

எங்கள் வீட்டு ஆல்பங்களில் அத்தையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காமிரா எப்போதும் அவர் கையிலேயே இருந்ததுதான் காரணம். போன பொங்கலன்று மொட்டை மாடியில் போனை முக்காலியில் மாட்டிவிட்டு, தீப்பெட்டியை விடச் சிறிய ரிமோட் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரும் எங்கள் நடுவில் வந்து நின்றார். முந்தானைக்குள் கட்டைவிரல் அழுத்தியது, படம் விழுந்தது. எடுப்பவரையும் படத்துக்குள் சேர்த்துக்கொள்கிறது என்பதற்காகவே இந்தக் கருவியை நான் ஆதரிப்பேன்.

அதை டைமரும் செய்யும்தான். ஆனால் பத்து வினாடிக்குள் ஓடி வந்து நிற்பவரின் பதற்றமும் படத்தில் விழுந்துவிடும். குழந்தை எப்போது சிரிக்கும் என்று டைமருக்குத் தெரியாது. ரிமோட்டை வைத்திருப்பவருக்குத் தெரியும். முன்காமிராவை நம்பியிருக்கவும் வேண்டாம். பெரும்பாலான போன்களில் பின்காமிராவின் சென்சார்தான் பெரியது, மங்கலான வெளிச்சத்தில் அதுதான் கைகொடுக்கும். இரவுப் படங்களுக்கு இன்னும் உதவி. திரையைத் தட்டும் சிறு அதிர்வுகூட நீண்ட எக்ஸ்போஷரைக் கலைத்துவிடும். தொடாமல் படமெடுக்கும் யோசனை புதிதல்ல: பழைய ஸ்டூடியோக்காரர்கள் ‘பல்ப்’ எனப்பட்ட ரப்பர் குமிழை அமுக்கி, காற்றழுத்தத்தால் ஷட்டரைத் திறந்தார்கள். காமிராக்களின் ஷட்டர் சக்கரத்தில் இன்றும் இருக்கும் ‘பி’ என்ற எழுத்து அந்தப் ‘பல்ப்’பிலிருந்து வந்ததுதான்.

குறைகள், கருவி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கின்றன. மலிவான ரிமோட் காமிராவோடு நேரடியாகப் பேசுவதில்லை. புளூடூத் கீபோர்டு போலப் போனோடு இணைந்து, சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தியதாகச் சொல்கிறது. ஐபோனில் 2011-இல் ஐஓஎஸ் 5 வந்ததிலிருந்து அந்தப் பொத்தானே ஷட்டராகவும் இயங்குகிறது. தனி ஆப் தேவைப்படாதது இதனால்தான். ஆனால் கீபோர்டு இணைந்திருப்பதாக எண்ணிக்கொள்ளும் போன், மெசேஜ் எழுதப் போனால் திரையில் தன் கீபோர்டைக் காட்டாமல் இருந்துவிடுவதுண்டு. பைக்குள் ரிமோட் அழுந்தினால் பாட்டுச் சத்தம் ஏறும்.

பெரிய குறை வேறு. விரலுக்கு விடுதலை கிடைக்கிறது, கண்ணுக்குக் கிடைப்பதில்லை. பின்காமிரா நம்மைப் பார்க்கும்போது திரை மறுபக்கம் இருக்கிறது. அன்று எடுத்த முதல் ஆறு படங்களில் தாத்தாவின் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. பெரியப்பா லென்ஸை விட்டுவிட்டு அத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆப்பிள் வாட்ச் போன்றவை காட்சியை மணிக்கட்டிலேயே காட்டும், ஆனால் விலை எட்டாது. போனோடு வரும் வசதியையும் நிரந்தரம் என்று நம்ப முடியாது. 2018-இல் நோட் 9 போனின் ‘எஸ் பென்’ பேனாவை ரிமோட்டாக்கிய சாம்சங், 2025-இல் எஸ்25 அல்ட்ராவின் பேனாவிலிருந்து புளூடூத்தையே எடுத்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ரிமோட்டுகள் பலவற்றில் இருப்பது சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி. குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். நகத்தால் நெம்பினால் திறக்கும் மூடியோடு இதை விற்பது மன்னிக்க முடியாத அலட்சியம். சிறுபிள்ளைகள் உள்ள வீடென்றால், மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஃப்ரேம் பிரச்சினைக்கு அத்தையே வழி கண்டார். எங்களை நிற்கவைத்து, தன் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, திரையில் எல்லார் தலையும் தெரிகிறதா என்று பார்த்தார். தாத்தாவின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டினார். பிறகு ரிமோட்டைத் தாத்தாவின் கையில் வைத்தார். கை நடுக்கத்தால் தாத்தா போனில் படம் எடுப்பதை விட்டு நான்கு வருடமாகிறது. இரண்டு கையாலும் ரிமோட்டைப் பொத்திப் பிடித்து அழுத்தினார். அந்தப் படத்தில் துளி அசைவு இல்லை. அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையும் மடியில்.