வழுவும் வழுவமைதியும்

நம் இலக்கண ஆசிரியர்கள் பிழையைக் குறிக்க 'வழு' என்றொரு சொல்லையும், அப்பிழை ஏற்றுக்கொள்ளப்படும் நிலையைக் குறிக்க 'வழுவமைதி' என்றொரு சொல்லையும் வைத்திருந்தனர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகையில் வழு நேரும் என்பது நன்னூலார் கணக்கு. தன் பசுவை ஒருவன் மகிழ்ச்சிப் பெருக்கால் 'அவள்' என்று அழைத்தால் அது திணை வழுவேயாகும். ஆயினும் அதற்கோர் காரணம் உண்டு. கேட்போர் அதை ஏற்கின்றனர். ஆகவே அது வழுவமைதியாகிறது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வழுவை அமைதியாக்கும் அதிகாரம் பேசுவோர் சமுதாயத்தின் வழக்குக்கே உரியது. இலக்கணகாரன் அதைப் பதிவு செய்கிறான், அவ்வளவே.

கணினித் துறையிலும் பிழைக்கு வழங்கும் தமிழ்ச் சொற்களுள் 'வழு' என்பது ஒன்று. அத்துறையில் வழுவை அமைதியாக்குவோர் யார்? இலக்கிய ஏட்டில் இக்கேள்வி எதற்கு என்று சில அன்பர்கள் வியக்கலாம். செய்நிரலாக்க மொழிகளும் மொழிகளே. அவற்றுக்கும் இலக்கணம் உண்டு. இலக்கணம் வகுப்போரும் உண்டு. அதனால் வாழ்வோரும் அல்லற்படுவோரும் உண்டு. மூலநிரலை யாவர்க்கும் திறந்து வைத்து வளர்க்கப்படும் மொழிகளில், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் குறையை எழுதி அனுப்பலாம். புதுவசதி வேண்டுமென்று முன்மொழியலாம். இவ்வாறு எழுதப்பட்டவை இன்று மலைபோற் குவிந்துள்ளன. அவற்றையும் ஓர் இலக்கிய வகையாக நாம் வாசித்துப் பார்த்தோம்.

வழு அறிக்கைக்கு ஓர் அமைப்பு உண்டு. நான் இதைச் செய்தேன், இது கிடைக்குமென்று எதிர்பார்த்தேன், கிடைத்தது இது. மூன்றே கூற்றுக்கள், அணியும் அலங்காரமும் வேண்டா. முன்மொழிவின் அமைப்போ வேறு. ஏன் வேண்டும், எத்தனை பேருக்குப் பயன், எவருக்கு இடையூறு, முன்னர் எவரேனும் கேட்டதுண்டா என்றெல்லாம் கேட்பவனே நிறுவ வேண்டும். வழு என்று ஒப்புக்கொள்ளப்பட்டால் விடை சொல்லும் கடமை மொழியை ஆக்கியோருடையது. முன்மொழிவு என்று பெயரிடப்பட்டால் அக்கடமை கேட்பவன் தலைமேல் ஏறுகிறது. ஒரே குறைக்கு இவ்விரு பெயர்களுள் எதைச் சூட்டுவது என்பதிலேதான் வழக்கின் பாதி முடிந்துவிடுகிறது.

பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில், உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர் சிலருடன் ஒரு நாளைக் கழித்தோம். அவர்களுடைய பாடத்திட்டத்தில் பைதன் மொழி இடம்பெற்றிருக்கிறது. கட்டுரையொன்றிலுள்ள சொற்களைப் பிரித்து எண்ணும் சிறு செய்நிரலை எழுதும்படி சொன்னோம். ஆங்கிலக் கட்டுரைக்கு அது பிழையின்றி ஓடியது. பின்னர் ஒரு மாணவி, தன் தாயின் வேலையைப் பற்றித் தான் தமிழில் எழுதிய கட்டுரையை இட்டுப் பார்த்தாள். 'கொழுந்து' என்ற சொல் க, ழ, ந, த என நான்கு துண்டுகளாக உதிர்ந்தது. 'பலாங்கொடை' பல, ங, க, ட என்றாயிற்று. 'தமிழ்' என்ற சொல்லே தம, ழ என்று இரண்டாயிற்று.

அம்மாணவி சொன்னது நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. "நான்தான் எங்கேயோ பிழை விட்டிட்டேன், சேர்."

அவள் பிழை விடவில்லை. உலகப் பொதுவான ஒருங்குறி முறையில் 'கொ' என்பது ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு குறியெண்களாகப் பதிகிறது. புள்ளியும் அவ்வாறே தனியாக நிற்கிறது. ககரம் 'எழுத்து' என்னும் இனத்தைச் சேர்ந்தது. உயிர்க்குறியும் புள்ளியும் 'குறி' என்னும் வேறு இனத்தைச் சேர்ந்தவை. பைதனில், பின்சாய்வுக் கோட்டுடன் 'டபிள்யூ' என்ற எழுத்தை இட்டால் 'சொல்லில் வரத்தக்கது' என்று பொருள். அப்பொருளுக்குள் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் அடங்கும், குறி அடங்காது. ஆகவே ஒவ்வொரு குறியிலும் சொல் முறிகிறது. 'தமிழ்' என்பதில் உள்ளவை யாவும் எழுத்துக்கள்தாமா என்று அம்மொழியைக் கேட்டாலும் 'அன்று' என்றே விடை வரும்.

இக்குறை எவருக்கும் தெரியாததன்று. 2007ஆம் ஆண்டிலேயே ஒருவர், தேவநாகரி எழுத்திலமைந்த பனுவலில் சொற்கள் சிறு துண்டுகளாக வெட்டுப்படுகின்றன என்றும், குறிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அறிக்கை எழுதியிருக்கிறார். சுருக்கமான, நேரான, கோபமற்ற எழுத்து. 2011இல் பெர்ல் மொழி அறிஞரான டாம் கிறிஸ்டியன்சன் அதே குறையை வேறொரு தொனியில் எழுதினார். ஒருங்குறி அமைப்பு வெளியிட்ட தொழினுட்ப நியமத்தின் விதியைச் சுட்டி, அது முற்றாக மீறப்படுகிறது என்று குற்றஞ்சாட்டினார். முன்னது பயனாளியின் முறையீடு. பின்னது வழக்கறிஞரின் வாதம். எழுத்துத் திறனில் இரண்டுக்கும் நெடுந்தூரம், விளைவில் வேறுபாடில்லை. 2024இல் வெளிவந்த பைதன் பதிப்பிலும் 'கொழுந்து' நான்கு துண்டுகளாகவே உதிர்கிறது. சொற்களை முறிக்காத தனி நூலகமொன்றை வெளியார் ஒருவர் ஆக்கி இலவசமாக வழங்கியிருக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். அதை அறிந்தவர் பிழைத்துக்கொள்வர். பலாங்கொடை மாணவி அறிந்திருக்கவில்லை.

இத்தனைக்கும் பைதன் நம்மைப் புறக்கணித்த மொழி என்று சொல்ல நியாயமில்லை. அதே 2007ஆம் ஆண்டில் மார்ட்டின் பான் லோவிஸ் என்பவர் எழுதிய 3131ஆம் எண் முன்மொழிவு, மாறிகளுக்கும் செயல்களுக்கும் எந்த மொழியிலும் பெயரிடலாம் என்று வாதாடியது. ஆங்கிலம் நன்கறியாதோர் தம் கருத்துக்குப் பிழையான ஆங்கிலப் பெயர் தேடி அலைவதைவிடத் தம் மொழியிலேயே பெயரிடுவது மேல் என்ற அதன் நியாயம், இத்துறை எழுத்துக்களில் நாம் வாசித்தவற்றுள் மிகவும் மனிதத் தன்மை வாய்ந்தது. தோட்டத்துச் செக்ரோலுக்குச் செய்நிரல் எழுதப் புகும் ஒருவன் 'அரைப்பேர்' என்பதை ஆங்கிலத்தில் என்னவென்று எழுதுவான்? அரை நாட் சம்பளம் என்றால் கணக்கு வரும்; அச்சொல்லில் உறைந்துள்ள அவமானம் வராது. அம்முன்மொழிவுக்கு எதிர்ப்பு இருந்தது. தோற்றத்தால் ஒத்த எழுத்துக்கள் மயக்கம் தரும் என்றனர். எனினும் ஏற்கப்பட்டு, 2008 டிசம்பரில் வெளியான மூன்றாம் பைதனில் நடைமுறைக்கு வந்தது. பெயரிடும் வாயிலில் 'கொழுந்து' முழுச் சொல்லாக நுழைகிறது. சொல்லெண்ணும் வாயிலில் நான்காக முறிகிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு இலக்கணம்! முதலாவதைப் புதுவசதியாகக் கொடுத்தவர்கள் இரண்டாவதை வழுவாக ஒப்புக்கொண்டு திருத்தத் தயங்குகிறார்கள். புதிதாகக் கொடுப்பவனைக் கொடையாளி என்று உலகம் புகழும். திருத்துபவனோ முன்னர் தவறியதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கூகிள் நிறுவனத்தில் உருவாகி 2009 நவம்பரில் வெளியிடப்பட்ட 'கோ' மொழியின் கதை இன்னும் கூர்மையானது. பெயர்கள் எழுத்தாலும் எண்ணாலும் மட்டுமே ஆகலாம் என்பது அதன் விதி, குறிக்கு இடமில்லை. நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். தமிழ் நெடுங்கணக்கு 247 எழுத்துக்களைக் கொண்டது. அவற்றுள் உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18 ஆகிய 31 மட்டுமே அவ்விதிக்குள் நுழையும். புள்ளி பெற்ற மெய் 18உம், ஏனைய உயிர்மெய் 198உம் ஆகிய 216 எழுத்துக்கள் வெளியே நிற்கின்றன. 'பல' என்று பெயரிடலாம். 'சில' என்று பெயரிட முடியாது. 'மழை', 'மரம்', 'வயது', 'கொழுந்து' எதுவும் ஆகாது. இதற்கு மேலும் ஒரு தடை. ஒரு தொகுதியிலுள்ள பெயரை வெளியே பிறர் பயன்படுத்த வேண்டுமானால் அது பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இல்லாத தமிழில், நுழைந்த 31உம் வாசலைத் தாண்டி வெளியே வரமுடியாது.

இம்மொழியை ஆக்கியோருள் இருவர் கென் தொம்சனும் ரொப் பைக்கும். உலக எழுத்துக்கள் யாவும் கணினிகளிடையே தடையின்றிச் செல்ல வழிசெய்த யூடிஎப்-8 குறிமுறையை 1992இல் வகுத்தவர்களும் அவர்களே. எனவே அறியாமை என்றோ வெறுப்பு என்றோ சொல்லித் தப்பிவிட இயலாது. அவர்களுடைய மொழியின் வினாவிடைப் பக்கம் இக்குறையை மறைக்கவுமில்லை. விதி எளிது, விளங்கிக்கொள்வதும் செயற்படுத்துவதும் எளிது, சேர்க்கைக் குறிகள் வேண்டுமென்றே விலக்கப்பட்டன, அதனால் தேவநாகரி போன்ற மொழிகள் விடுபடுகின்றன என்று நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள். (தேவநாகரி ஓர் எழுத்துமுறை, அதை மொழியென்று எழுதிவிட்டார்கள். இதற்கு யார் வழு அறிக்கை எழுதுவது?) நாம் தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு விடை இவ்விடத்தில் கிடைக்கிறது. 'வேண்டுமென்றே' என்ற ஒரு சொல்லால் வழு அமைதியாகிவிட்டது. அமைதியாக்கியோர் அக்குறையால் ஒருபோதும் தாக்கப்படாதவர்கள். 2017இல் இதைத் தளர்த்தும்படி எழுந்த கோரிக்கை முன்மொழிவாகவே பதிவாயிற்று. 2025இல் வெளியான பதிப்பிலும் விதி மாறவில்லை.

மறுபக்கத்து நியாயத்தையும் கேட்போம். இத்திட்டங்களைப் பேணுவோர் சிலர். அவருட் பலர் ஊதியமின்றி உழைப்பவர். ஒரு விதியை மாற்றினால் பழைய செய்நிரல்கள் இலட்சக்கணக்கில் முறியலாம். எல்லாருக்கும் எல்லாம் கொடுக்கப் புகுந்த மொழிகள் பருத்துச் சீரழிந்த கதையும் உண்டு. இவை போலி வாதங்கள் அல்ல. ஆனால் ஜாவா 1996 முதலே இக்குறிகளை ஏற்றது. ரஸ்ட் 2021இல் ஏற்றது. வானம் இடிந்து விழவில்லை. 'கோ' மொழியிலும் வகைப் பொதுமை வேண்டுமென்று தொடக்க முதலே பயனாளர் கேட்டனர். நீண்ட விவாதத்தின் பின் 2022 மார்ச்சில் அது வந்தது. 2019இல் அம்மொழிக் குழுவினர் தாமே கொண்டுவந்த பிழை கையாளும் முன்மொழிவொன்று, பயனாளரின் பேரெதிர்ப்பால் சில வாரங்களிலேயே கைவிடப்பட்டது. எனவே குரலுக்கு வலிமை உண்டு. வலிமை எண்ணிக்கையால் வருகிறது. எண்ணிக்கையில் நாம் எங்கே?

எங்குமில்லை. நம் குறையை நாமே வழுவென்று எழுதுவதில்லை. மலையகத்தான் இதற்குப் பழக்கப்பட்டவன். கொழுந்து நிறுக்கையில் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக்கள் கழிபடும். தராசு பிழை என்று சொல்லும் பெண்ணின் சொல், கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் கடந்து துரையின் மேசைக்குப் போகும்போது, 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்று முடியும் பெட்டிசமாகிவிடும். கணக்குத் திருத்தம் கருணை மனுவாக மாறும் இந்த ரசவாதத்தைப் பெரிய அளவிலும் நம் மக்கள் கண்டிருக்கின்றனர். 1947இல் வாக்களித்த தோட்டத் தொழிலாளர், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னர், தாம் வாழும் மண்ணின் உரிமைக்கு விண்ணப்பம் எழுதினார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பங்களில் அடங்கினர். ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ ஆறிலொரு பங்கினரே. நாடற்றோர் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உயிர்க்குறி மறுக்கப்படுவதும் உரிமை மறுக்கப்படுவதும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அம்மக்கள் பட்ட துயரை இழிவுபடுத்தும். ஆனால் பழக்கம் ஒன்றுதான். அளவுகோல் பிழையாக இருக்கும்போதும், 'நான்தான் பிழை விட்டேன்' என்று சொல்லும் பழக்கம் அது.

இலங்கையிலேயே உருவான திறந்த மூல மொழி ஒன்றுண்டு. கொழும்பில் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தார் 2017இல் வெளியிட்ட 'பாலரீனா' அது. அதன் இலக்கணம், பெயரில் வரக்கூடாதவற்றை வரையறுத்துவிட்டு ஏனையவற்றை ஏற்பது. ஆகவே தமிழுக்கும் சிங்களத்துக்கும் அங்கே தடையில்லை. 'இவர் மட்டும் வரலாம்' என்பதற்கும் 'இவர் மட்டும் வரலாகாது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேறு உதாரணம் வேண்டியதில்லை. ஆயினும் அதன் பிழைச் செய்திகளும் குறை கேட்கும் இடமும் ஆங்கிலமே. முத்தையா அண்ணாமலை ஆக்கிய 'எழில்' போன்ற தமிழ்ச் செய்நிரலாக்க மொழிகள் இன்னொரு வழியைக் காட்டின. கட்டளைச் சொல்லும் தமிழாகவே அமைந்தது. அம்முயற்சியை நாம் மதிக்கிறோம். ஆனால் தனி வீடு கட்டிக்கொள்வதால் பொது வீட்டின் கூரை ஒழுகாமற் போய்விடாது. நம் பிள்ளைகளுக்குப் பரீட்சையும் பிழைப்பும் பொது வீட்டில்தானே இருக்கின்றன?

பாடசாலையில் அன்று பிற்பகல் அறிக்கை எழுதும் வேலை தொடங்கியது. புதிதாக எழுதுவதைவிட ஏற்கெனவே உள்ள அறிக்கையில் சேர்ப்பதே முறை என்பதால் பழையவற்றைத் தேடினர். 2007ஆம் ஆண்டு அறிக்கை கிடைத்தது. அம்மாணவர்களிற் பலர் பிறந்த ஆண்டும் அதுவே, வகுப்பில் சிரிப்பெழுந்தது. பின் தமிழில் ஒரு வரைவு எழுந்தது. 'ஐயா, இக்குறையைத் தயவுகூர்ந்து கவனிக்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறோம்' என்று முதல் வரியை ஒரு மாணவன் எழுதினான். மாணவி அதை அடித்துவிட்டு மூன்று கூற்றுக்களை மட்டும் வைத்தாள். மரியாதை வேண்டாமா என்றான் அவன். மரியாதையாகத்தானே எழுதியிருக்கிறேன் என்றாள் அவள். ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலை இன்னும் முடியவில்லை. 'கொழுந்து' என்பதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதில் வகுப்பு இரண்டுபட்டு நிற்பதாக ஆசிரியர் அறிவித்திருக்கிறார்.