கண்ணறைக் கோலமும் கட்டடக் கலையும்

உருவமா உள்ளடக்கமா என்னும் வாதம் இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று. அண்மைக்காலக் கட்டடக் கலையும் அதே வாதத்தை வேறொரு களத்திற் கிளப்பியுள்ளது. வளைந்த கூரைகளையும் சுவர்களையும் தேன்வதை போன்ற கண்ணறைகளால் மூடும் போக்கையே குறிப்பிடுகின்றோம். கட்டடத்தின் அளவுகளை மாறிகளாகக் கணினிக்குக் கொடுத்து, ஒன்றை மாற்ற ஏனையவை தாமே மாறும்படி வரையும் முறை இதற்குத் துணைநிற்கின்றது. 2008ஆம் ஆண்டு வெனிஸ் நகரிலே பற்றிக் ஷூமாக்கர் இம்முறையைப் புதிய பாணியென்றே பிரகடனஞ் செய்தார்.

இக்கோலங்களுட் பெரிதும் எடுத்தாளப்படுவது, 1908இல் அதனை ஆராய்ந்த வொரொனோய் என்னும் கணிதவியலாளரின் பெயரால் வழங்குவது. புள்ளிகள் சிலவற்றை இட்டு, ஒவ்வொன்றுக்கும் மற்றெப் புள்ளியிலும் பார்க்க அண்மையான இடத்தை வரையறுத்தாற் கண்ணறைகள் பிறக்கும். இவ்வெண்ணம் அவருக்கு முன்னரே ஏழை மக்களின் சாவுக்குக் காரணங் காண உதவியிருக்கின்றது. 1854இல் இலண்டன் சோஹோப் பகுதியிலே வாந்திபேதி பரவியது. ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் சாவுகள் நேர்ந்த வீடுகளைப் படத்திற் குறித்தார். புரோட் வீதிப் பம்பிக்கும் ஏனைய பம்பிகளுக்கும் நடைதூரம் சமமாகும் இடங்களைக் கோடொன்றால் இணைத்தார். சாவுகள் பெரும்பாலும் அக்கோட்டினுள் அடங்கின.

ஸ்னோ தூரத்தை ஆகாய வழியாக அளக்கவில்லை, தெருவழியே அளந்தார். வளைந்த பரப்பிலே கோலமிடுவோர் பலர் மறப்பதும் இதனையே. தட்டையான தாளில் கண்ணறைகளை வரைந்து, அதனைக் குவிமாடத்தின்மேல் இழுத்துப் போர்த்துவது எளிது. கிராஸ்ஹொப்பர் போன்ற மென்பொருளில் அது சில நிமிட வேலை. ஆனால் உச்சியில் அறைகள் நெருங்கிச் சூம்பும். அடியில் அகன்று பருக்கும். புள்ளிகளைப் பரப்பின்மேலேயே இட்டு, தூரத்தையும் பரப்பின் வழியே அளந்தால் இக்குறை நீங்கும். முன்னைய முறை, தளையை முதலிற் போட்டுவிட்டுப் பொருள் தேடும் நம் புலவர் சிலரின் முறை. அத்தகையவற்றையும் நாம் வகுப்பறையிற் பாட்டென்று படிப்பித்திருக்கின்றோம். அது வேறு விடயம்.

இங்கிலாந்தின் கோண்வாலில் 2001இல் திறக்கப்பட்ட ஈடன் தாவரக் கூடங்கள் இதற்கு மாறானவை. நிக்கலஸ் கிறிம்ஷோவின் நிறுவனம் வடிவமைத்த இவை, பழைய வெண்களிமண் அகழியொன்றினுள் நிற்கின்றன. வேலை நடக்கும்போதே அதன் நிலமட்டம் மாறிக்கொண்டிருந்தமையால், எந்நிலத்திலும் அமரக்கூடிய குமிழி வடிவம் தெரிந்தெடுக்கப்பட்டது. கண்ணறைகளை மூடுவன காற்றடைத்த மெல்லிய பிளாஸ்திக்கு மெத்தைகள். கண்ணாடியின் நிறையில் நூற்றிலொரு பங்குதானும் அவற்றுக்கில்லை. ஆதலால் அறுகோணங்கள் 11 மீற்றர் வரை விரிய முடிந்தது, உருக்குக் குறைந்தது, செடிகளுக்கு வெளிச்சம் கூடியது.

பாக்கு நகரில் 2012இல் திறக்கப்பட்ட ஹைதர் அலியேவ் நிலையமோ, ஸஹா ஹடிட்டின் நிறுவனத்தாரது ஆக்கம். அலையென மடியும் அதன் வெண்தோல் ஆயிரக்கணக்கான தகடுகளாற் பிரிக்கப்பட்டது. அதன் அழகை நாம் மறுக்கவில்லை. 2014இல் இலண்டன் வடிவமைப்பு நூதனசாலை அதற்கு விருதளித்தபோது, அந்நிலத்தில் வாழ்ந்தோர் வலிந்து வெளியேற்றப்பட்டனர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. பாணியின் தலையில் அதனைச் சுமத்தலாகாது என்பர் சிலர். ஆயினும், காற்றையும் வெயிலையும் நிறையையும் மாறிகளாக ஏற்கும் கலை, குடியிருந்தோரை ஏன் ஏற்கவில்லை என்று விமர்சகன் கேட்கவே வேண்டும். ஸ்னோவின் படத்திலே கோட்டுக்கு முன்னர் வந்தவை வீடுகள்.