நாலாவது ஓனர்: பார்த் பார்க்காத கார்

ரோலான் பார்த் தன் ‘மித்தாலஜீஸ்’ (1957) நூலில் சிட்ரோயன் டி.எஸ். காரை வாசிக்கிறார். அவர் கண்டது கண்காட்சிக் கூடத்தில் ஜனங்கள் தொட்டுத் தடவிய புத்தம்புதுக் கார். கார் பழசானபின் அதன் தொன்மம் என்னவாகிறது? அவருடைய பிரதி மௌனமாகிவிடுகிறது.

நான் ஒரு கான்டெஸாவின் நாலாவது ஓனர். 1970களின் இங்கிலாந்து வாக்ஸ்ஹால் விக்டருடைய கூட்டுக்குள் அம்பாசிடர் எஞ்சினைப் பொருத்தி, 1984இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் விற்ற ‘சொகுசு’ அது. பிறக்கும்போதே பழசு! இசுஸு எஞ்சின் பிற்பாடுதான் வந்தது; என்னுடையது அந்த வகை. 2002இல் உற்பத்தியே நின்றுபோனது.

தொப்பூர் கணவாய் ஏறும்போது வண்டி கொதித்து நின்றுவிட்டது. தருமபுரிப் பட்டறையில் மெக்கானிக் சொன்னார்: “தெர்மோஸ்டாட்ட யாரோ முன்னயே கழட்டிட்டாங்க சார். ரேடியேட்டர் பாதி அடச்சிருக்குது. வாட்டர் பம்ப் பேக்கிங் இங்க எந்தக் கடையிலயும் கெடைக்கல, வெட்டிக்கலாம்.” பேக்கிங் ஷீட்டைப் பம்பின் வாய்மேல் வைத்துச் சுத்தியலால் ஓரமாகத் தட்டினார். விளிம்பும் போல்ட் ஓட்டைகளும் தடமாகப் பதிந்தன. தடம் பிடித்து வெட்டி எடுத்தார்.

விளிம்பின் எதிர்ப்பு, மூலப்பிரதியைக் குலைத்தல் என்றெல்லாம் நாம் இதை எழுதிவிடுவோம். என் நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அவரிடம் சொன்னேன், சிரித்தார். “ஒரிஜினல் கெடச்சா நான் ஏன் சார் வெட்டப்போறேன்?”

பற்றாக்குறைக்குப் படைப்பாற்றல் என்று பெயர் சூட்டுவதும் தொன்ம உற்பத்திதான். அதன் உற்பத்தியாளர்கள் நாம், சிறுபத்திரிகைக்காரர்கள். அன்று கூலியில் இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியதும் நான்தான்.